கொடை மேடையில் பாடுகிறவரின் காது

திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஊரில் கொடை என்னும் கோயில் விழா நடக்கிறது என்பதை ஊருக்குள் நுழையும் முன்பே காது சொல்லிவிடும். கம்பங்களிலும் வேப்ப மரங்களிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் நாலு திசைக்கும் கதையைக் கொண்டுபோகும். பாடப்படுவது சுடலைமாடன் கதையா, இசக்கியம்மன் கதையா, முத்தாரம்மன் கதையா என்பது வயல் வரப்பில் வருகிறவருக்கே விளங்கிவிடும். கோயில் பந்தலுக்குள் போனால் வேறொரு காட்சி. வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து வில்லுப்பாட்டாகக் கதை பாடும் புலவர் ஒரு கையில் வீசுகோலை வீசிக்கொண்டே மறு கையைக் காதோரம் கொண்டுபோகிறார். ஊருக்கெல்லாம் கேட்கிற அந்தக் குரல் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மேடை இசை உலகில் இதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. பாடகரை நோக்கித் திருப்பி வைக்கும் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி, அல்லது காதுக்குள் செருகிக்கொள்ளும் கருவி. இரண்டையும் மானிட்டர் என்பார்கள். கம்பியில்லாத காதுக் கருவித் தொகுப்பை வாங்கப் போனால் விலை பல பத்தாயிரம் ரூபாயைத் தொடும். கொடை மாதங்களின் வருமானத்தை வைத்து ஆண்டு முழுக்கக் குடும்பத்தை ஓட்டுகிற வில்லுப்பாட்டுக் கலைஞருக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே சொந்தமாகச் செய்துகொள்வதுதான் வழி. அது செய்யக்கூடிய காரியம்தான்.

ஆனால் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. கொடையில் நடப்பது கச்சேரி இல்லை, வழிபாடு. சாமிக்கு முன்னால் பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்க விரும்புவது சரியா? தன்னை மறப்பதல்லவா பக்தி? சாமி கதைக்கு எதற்குக் காதில் மிஷின் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டால், அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த ஆற்றங்கரையின் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான சிந்தனை நிற்கிறது.

தாமிரபரணிக் கரையில், குருகூர் என்று பழைய பெயர் கொண்ட ஆழ்வார்திருநகரியில்தான் நம்மாழ்வார் அவதரித்தார். திருவாய்மொழியின் ஏழாம் பத்தில் அவர் ஒரு வியப்பைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பாடியது தான் இல்லை. இறைவனே ஆழ்வாரைக் கருவியாக வைத்துக்கொண்டு தன்னைப் பற்றித் தானே பாடிக்கொண்டான் என்கிறார். இந்த நிலையை அப்படியே கொடைப் பந்தலுக்குக் கொண்டுவந்தால், பாடுகிறவன் வெறும் வழி. குழல் தன் ஓசையைத் தானே கேட்க வேண்டிய தேவை என்ன என்று தோன்றும்.

இந்த வாதம் வலுவானது. ஆனால் அதே ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் அது நடைமுறையில் என்ன வடிவம் எடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மார்கழியில் அத்யயன உற்சவத்தின்போது அங்கே அரையர் சேவை நடக்கிறது. கூம்பு வடிவக் குல்லாய் அணிந்த அரையர் கையில் சிறு தாளங்களை வைத்துக்கொண்டு, பாசுரத்தைப் பாடியும் அபிநயித்தும் விளக்கம் சொல்லியும் பெருமாளுக்கு முன் நிகழ்த்துகிறார். இறைவனே பாடினான் என்று நம்புகிற மரபு, அந்தப் பாசுரத்தைப் பாடப் போகிறவருக்குச் சிறு வயதிலிருந்தே பயிற்சி கொடுக்கிறது; கையில் தாளத்தைக் கொடுக்கிறது; பாடம் பிசகினால் திருத்துகிறது. கருவி என்றால் அதற்குச் சுருதி கூட்டியிருக்க வேண்டும் என்பதில் அந்த மரபுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இனி வில்லுப்பாட்டுக்கு வருவோம். அதன் அமைப்பையே கொஞ்சம் உற்றுப் பார்த்தால், மைக் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அதற்குள் ஒரு மானிட்டர் இருந்தது புலப்படும். நீண்ட வில், மணிகள் கோத்தது. அது குடத்தின் கழுத்தில் கட்டப்பட்டுத் தரையில் கிடக்கிறது. புலவர் நடுவில், குடம் அடிப்பவர் ஒரு பக்கம், உடுக்கை, தாளம், கட்டை என்று மற்றவர்கள் வலப்புறமும் இடப்புறமும் நெருக்கமாக உட்காருகிறார்கள். ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கிற தூரம். புலவர் ஒரு வரியைப் பாடி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் அதை வாங்கிப் பாடுகிறார். வசனமாகச் சொன்னால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “ஆமா!” போடுகிறார். கூட்டத்துக்கு அந்த “ஆமா” ஒரு சுவை. புலவருக்கோ அது, சொன்னது சேர்ந்துவிட்டது, தாளம் பிசகவில்லை, மேலே போகலாம் என்கிற தகவல்.

நாதஸ்வரத்திலும் இப்படித்தான். சேரன்மாதேவிக்கு அருகே காருகுறிச்சியில் 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்த அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்டு உருகியவர்கள் எத்தனையோ பேர். அந்த மாதிரிக் கலைஞருக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவர் ஒருவர் நிற்பார். ஒரே சுரத்தை மணிக்கணக்கில் விடாமல் பிடிப்பது அவர் வேலை. சபை அவரைக் கேட்க வருவதில்லை. நாதஸ்வரக்காரர் தான் எங்கே நிற்கிறோம் என்று அறிந்துகொள்ள அந்த ஒற்றைச் சுரம் இருக்கிறது. பிறகு ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்தது. 1970-களின் இறுதியில், புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த பொறியாளரான பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். ஒரு கலைஞன் தன் காதுக்காகத் தானே செய்த கருவி அது. இன்று கோயில் மேடையில் அது ஒலிப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

ஆக, வழிபாட்டு இசையில் பாடுகிறவரின் காதுக்கென்று ஓர் ஏற்பாடு எப்போதும் இருந்திருக்கிறது. குழாய் ஒலிபெருக்கி வந்தபோது அந்த ஏற்பாடு உடைந்தது.

உடைந்தது எப்படி என்பதற்கு இயற்பியல் பதில் சொல்கிறது. நம்மூர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். தெருக்கோடியில் 70 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் பந்தலைப் பார்த்துத் திரும்பியிருந்தால், புலவர் பாடிய சொல் ஐந்தில் ஒரு நொடி கழித்து அவருக்கே திரும்பி வரும். அடுத்த சொல் வாயில் இருக்கும்போது முந்தைய சொல் காதில் விழுகிறது. பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் 1950-இல் இதைச் சோதித்து எழுதினார். ஒருவர் பேச்சை ஏறத்தாழ இந்த அளவுக்குத் தாமதித்து அவர் காதிலேயே போட்டால், நன்றாகப் பேசுகிறவருக்கும் நாக்குக் குழறுகிறது, அசைகள் இரட்டிக்கின்றன, வேகம் குறைகிறது. கொடை மேடையில் புலவர் போராடுவது கதையோடு மட்டும் இல்லை. தன்னுடைய சற்று முந்தைய குரலோடும்தான்.

இரண்டாவது சிக்கல், சத்தத்தின் நடுவே சத்தம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் கவனித்தது இது: சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். புலவர் தன் குரல் கேட்காமல் உயர்த்துகிறார். குடக்காரர் ஓங்கி அடிக்கிறார். “அண்ணாச்சி, கொஞ்சம் கூட்டி வைங்க” என்று மைக்செட்டுக்காரருக்குச் சைகை போகிறது. கூட்டினால் குழாயின் ஒலி மைக்குக்குள் மறுபடி புகுந்து ஊளையிடுகிறது. குறைத்தால் மறுபடி கேட்கவில்லை. நள்ளிரவுக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. விடியும்வரை கதை பாக்கி இருக்கிறது.

இது ஏழைக் கலைஞரின் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழு ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன் வாசித்தது. உலகிலேயே பெரிய குழு. ஆனால் ரசிகர்களின் கூச்சலில் நால்வருக்கும் தங்கள் பாட்டுக் கேட்கவில்லை. மேடை மானிட்டர் பரவலாவதற்கு முந்தைய காலம் அது. காதுக்குள் வைக்கும் மானிட்டரின் கதை இன்னும் நெருக்கமானது. 1995-இல் வான் ஹேலன் என்ற ராக் குழுவில் மேடை ஒலியைக் கவனித்துக்கொண்டிருந்த ஜெர்ரி ஹார்வி, மேடைச் சத்தத்தால் அவதிப்பட்ட டிரம்ஸ் கலைஞருக்காகத் தன் கையால் காதுக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் ஒரு பெரிய நிறுவனமே வளர்ந்தது. இன்று எட்டாத விலையில் விற்கிற பொருளும் ஒரு காலத்தில் சக கலைஞனின் தவிப்பைப் பார்த்தவர் கைப்பாடாகச் செய்ததுதான்.

வில்லுப்பாட்டுக்கு அப்படி ஒன்றைச் செய்வது எப்படி?

முதலில் ஒரு கணக்கு. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். பாடகரிடமிருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டியை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 18 டெசிபல் ஆதாயம். அதாவது 64-இல் ஒரு பங்கு மின்திறன் போதும். 640 வாட் செய்ய வேண்டிய வேலையை 10 வாட் செய்துவிடும். காசில்லாதவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு கிடையாது. சக்தியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பெட்டியை அருகில் கொண்டுவந்தால் ஆயிற்று.

பெட்டிக்கு 12 அல்லது 18 மில்லிமீட்டர் பிளைவுட், பழைய செட்டிலிருந்து கழற்றிய எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. தச்சரிடம் ஒரு பக்கத்தைச் சரிவாக அறுத்துத் தரச் சொன்னால் போதும். இந்தச் சரிவில்தான் சொந்தமாகச் செய்வதன் அருமை இருக்கிறது. கடையில் விற்கும் மானிட்டர் பெட்டிகள் பெரும்பாலும் நின்று பாடுகிறவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வில்லுப்பாட்டுப் புலவர் உட்கார்ந்து பாடுகிறார். அவர் காது மேடையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அவருக்கு வேண்டிய கோணத்தை அவரை உட்கார வைத்தே அளந்து வெட்டலாம்.

ஆம்ப்ளிஃபயருக்கு டிடிஏ 2030 என்ற சில்லு நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது; பத்துப் பதினைந்து வாட் தரும். டிபிஏ 3116 சில்லு பொருத்திய சிறு போர்டுகள் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். சென்னை ரிச்சி தெருவில் இவை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் 100 மைக்ரோஃபாரட் நான்போலார் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால், எட்டு ஓம் ஸ்பீக்கரில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி தணிந்துவிடும். குடத்தின் அதிர்வு அந்தப் பகுதியில்தான் மைக் வழியாகப் புகுந்து குழப்பும். வில்மணிகளின் ஒலி நேராகவே காதில் விழுவதால் அதை மானிட்டரில் சேர்க்கத் தேவையில்லை. பாடகருக்கு வேண்டியது தன் குரல், பின்பாட்டுக்காரரின் குரல், அவ்வளவே.

வைக்கும் இடமும் முக்கியம். மேடைகளில் வழக்கமாகப் பயன்படும் மைக் முன்பக்க ஒலியை நன்றாக வாங்கும், பின்பக்க ஒலியை வெகுவாகத் தள்ளிவிடும். அதனால் பெட்டி மைக்கின் முதுகுக்கு நேராக, வில்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாடகரைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் ஊளை தொடங்கிவிடும்.

எச்சரிக்கைகளும் உண்டு, அவற்றை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. குழாய்களுக்குப் போகும் லைனில் 100 வோல்ட் வரை இருக்கும். அதில் ஹெட்போனையோ சிறு போர்டையோ நேரடியாக இணைப்பது காதுக்கும் உயிருக்கும் ஆபத்து. செட்டின் லைன் அவுட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரைச்சல் வந்தால் நடுவே ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட வேண்டும். கொடை என்றால் மஞ்சள் நீர் இல்லாமல் இல்லை. கொதிக்கும் மஞ்சள் பானையில் கமுகம்பூவைத் தோய்த்துச் சாமியாடி மேலெல்லாம் தெளித்துக்கொள்வார்; தரை நனைந்திருக்கும்; எல்லோரும் வெறுங்காலோடு இருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 230 வோல்ட் கம்பியைப் பாடகரின் முழங்கால் வரை இழுத்துவருவதைவிட, பேட்டரியில் ஓடும் பெட்டிதான் பாதுகாப்பானது.

பெட்டியா, காதுக் கருவியா என்று தேர்ந்தெடுக்கும்போது மறுபடி சமயக் கேள்வி வந்து நிற்கிறது. செலவை மட்டும் பார்த்தால் காதுக் கருவியே சுலபம். சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர், நீளமான கம்பி, சாதாரண இயர்போன் போதும். ஊளைத் தொல்லையே இருக்காது. ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாடுகிற புலவருக்குக் கொடை கேட்காது.

கொடையில் பாட்டு மட்டும் தனியாக ஓடுவதில்லை. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலோடு சேர்ந்தது முத்துப்பட்டன் கதை. அந்தணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன் அவன். இன்றும் அவன் பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமாக இருக்கும் சன்னிதியில் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தார். இத்தகைய கதையில் வீரன் வெட்டுப்பட்டு விழும் கட்டத்தை நெருங்க நெருங்கப் பந்தலில் சூடு ஏறும். தென் தமிழகத்து வில்லுப்பாட்டை நேரில் ஆய்ந்து 1988-இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்னும், மாண்டு தெய்வமானவர்களின் கதையில் மரணக் கட்டத்துக்கும் அருள் இறங்குவதற்கும் உள்ள உறவை விரிவாகப் பேசுகிறார்.

அந்த நேரத்தில் பெண்கள் குலவை இடுவார்கள். சாமியாடியின் உடம்பில் முதல் நடுக்கம் தெரியும். புலவர் அதைக் கண்ணாலும் காதாலும் பிடித்து வரியை நீட்டுவார், தாளத்தை முடுக்குவார், வசனத்தை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போவார். சாமி நன்றாக இறங்கும்வரை கதையை அங்கேயே நிறுத்திச் சுழற்றுவார். குலவை கேட்காத காதால் இதைச் செய்ய முடியாது. ஆகவே இந்த மேடைக்குப் பொருந்துவது, சத்தம் குறைவாக வைத்த சிறு பெட்டிதான். அது பாடகருக்குத் தன் குரலைக் கொடுக்கும், பந்தலை அவரிடமிருந்து பறிக்காது. ரெக்கார்டிங் கூடத்துக்குச் சிறந்தது என்று சொல்லப்படும் கருவி கோயில் முற்றத்துக்கும் சிறந்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எதைச் செய்வது என்பதைச் சடங்கே முடிவு செய்கிறது.

முதலில் கேட்ட கேள்விக்கான விடையும் இந்தப் பந்தலிலேயே இருக்கிறது. கொடையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். சாமியாடி தன்னை இழக்கிறார். இழப்பதுதான் அவர் கடமை. புலவர் தன்னை இழக்கக் கூடாது. கதையின் எந்த இடத்தில் நிற்கிறோம், அடுத்த அடி என்ன, சுருதி எங்கே, சாமியாடி எந்த நிலையில் இருக்கிறார் என்று ஒவ்வொரு கணமும் விழிப்போடு இருக்க வேண்டும். அவரும் நிலை தடுமாறினால் சாமி பாதியில் மலையேறிவிடும். ஒருவர் முழுக்கத் தன்னை மறக்க, இன்னொருவர் முழுக்க விழித்திருக்கிறார். பக்தி என்றால் தன்னை மறப்பது என்று மட்டும் சொன்னால் கொடையின் பாதியைத்தான் சொன்னதாகும்.

தன் குரலைக் கேட்பதும் தன் குரலில் மயங்குவதும் ஒன்றில்லை. மயங்குகிறவர் பாட்டைவிட்டு விலகித் தன்னைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். சரிபார்க்கிறவர் பாட்டுக்குள்ளேயே நிற்கிறார். அதோடு, தன் குரல் கேட்காத பாடகர்தான் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார். குரல் வருகிறதா, சுருதி சேர்கிறதா, தொண்டை தாங்குமா என்ற கவலையிலேயே அவர் மனம் உழல்கிறது. குரல் தெளிவாகக் கேட்டால் அந்தக் கவலை விலகி, மனம் கதைக்கும் சாமிக்கும் போகிறது. நம்மாழ்வார் சொன்ன அந்தக் கருவி நிலைக்கு ஒரு பாடகர் அருகில் போக முடியுமானால், இப்படிக் கவலை ஓய்ந்த பிறகுதான் போக முடியும்.

கருவி போதாமல் போவதைப் பற்றியும் நம் மரபு பேசியிருக்கிறது. திருநெல்வேலிப் பதிகம் பாடிய திருஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய யாழ்மூரிப் பதிகம் யாழுக்குள் அடங்கவில்லை. மனம் நொந்த யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, கருவியில் வந்த அளவுக்கு வாசித்தால் போதும் என்று தேற்றியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பிளைவுட் பெட்டிக்கும் பழைய ஸ்பீக்கருக்கும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அது செய்யும் உதவியைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கோயிலுக்குள் நுழையும் எந்த இயந்திரத்தையும் இப்படி வரவேற்க முடியுமா? முடியாது. பல கோயில்களில் பூசை நேரத்தில் மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் தாமாகவே அடித்துக்கொள்கின்றன. அங்கே அடிப்பவரும் இல்லை, தான் அடிப்பதைக் கேட்பவரும் இல்லை. மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத சிறு கோயிலின் நெருக்கடி புரியாமல் இல்லை. ஆனாலும் அந்த இயந்திரம் ஒரு மனிதரின் கவனத்தை வழிபாட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. மானிட்டர் அதற்கு நேர் எதிர். அதற்கு ஒரு பாடகர் வேண்டும். அவர் கேட்க வேண்டும். கேட்டதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு கருவி வழிபாட்டுக்கு உகந்ததா என்று பார்க்க, அது மனிதரின் கவனத்தைக் கூட்டுகிறதா, அந்தக் கவனத்தையே தேவையற்றதாக்குகிறதா என்று கேட்டால் தெளிவு கிடைக்கும்.

பாடுகிறவரைத் தாண்டி, கேட்க விரும்பாதவரும் ஊரில் இருக்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, நோயாளி, கைக்குழந்தை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னைத் தேவாலயம் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்து வழிபட வேண்டும் என்றோ எந்த மதமும் சொல்லவில்லை. தேவாலயத்துக்குச் சொன்னது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்த்துத்தான்.

மானிட்டர் வைத்தால் குழாய்ச் சத்தம் தானாகக் குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. எத்தனை குழாய் கட்டினோம் என்பதில் ஊருக்கு ஊர் போட்டி இருக்கிறது. விழாக் குழுவின் மனம் மாறாமல் அது போகாது. ஆனால் சத்தத்தைக் கூட்டுவதற்கான காரணங்களில் ஒன்று, பாடகருக்குத் தன் குரல் கேட்கவில்லை என்பது. அந்தக் காரணத்தை ஒரு சிறு பெட்டி நீக்கிவிடும். தனக்குக் கேட்கிறது என்றால், “கூட்டி வைங்க” என்று மேடையிலிருந்து சைகை போகாது. குழாயைப் பந்தலைப் பார்த்துத் திருப்பி வைக்கும் தேவையும் இராது. சாமி காதுக்கு எட்டுவதற்குக் குழாய் வேண்டும் என்று எந்தச் சாமியாடியும் அருள்வாக்குச் சொன்னதில்லை.

கலைஞரின் காதும் ஓர் உடைமை. அமெரிக்கப் பணியிட நல நிறுவனமான நியோஷ் வகுத்த அளவின்படி, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கொடை இரவு எத்தனை மணி நேரம் என்பது யாருக்கும் தெரிந்ததே. இந்தக் கணக்கு மானிட்டருக்கும் பொருந்தும். அருகில் வைத்த பெட்டியை அளவுக்கு மீறித் திருகினால் அதுவே காதைக் கெடுக்கும். வால்யூம் குமிழ் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி உள்ளே ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துவிடுவது, பெட்டி செய்கிறவர் பாடகருக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்து, வில்லை ஊர்க் கோயில்களிலிருந்து நகர மேடைக்குக் கொண்டுபோன சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் மறைந்தார். அந்தப் பெருமை கோயில் முற்றத்தில் விடிய விடியப் பாடும் குழுக்களுக்கும் உரியது. அவர்களுக்கு அது கையில் படும்படியான உதவியாக வர வேண்டும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்கள் இசைக் கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நிதி உதவி செய்கிறது. வில்லும் குடமும் உடுக்கையும் கருவி என்றால், பாடகரின் காதுக்குப் பக்கத்தில் வைக்கும் இந்தப் பெட்டியும் கருவிதான். உதவிப் பட்டியலில் அதற்கும் இடம் கேட்கலாம். பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் உள்ள தொழிற்பயிற்சி, பாலிடெக்னிக் மாணவர்கள் தங்கள் புராஜெக்டாக ஆளுக்கொரு பெட்டி செய்து பக்கத்து ஊர் வில்லுப்பாட்டுக் குழுவுக்குக் கொடுக்கலாம். வரி பிரித்துக் கொடை நடத்தும் விழாக் குழு, இந்த ஆண்டு ஒரு குழாயைக் குறைத்து, அந்த வாடகையில் புலவரின் முன்னால் ஒரு மானிட்டர் வைக்கச் சொல்லி மைக்செட்டுக்காரரிடம் பேசலாம். அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதையும் பேசி முடித்துவிட்டால், கொடை அன்று சாயங்காலம் புலவரை உட்கார வைத்துக் கோணம் பார்க்க நேரம் இருக்கும்.